கலியாணத்துக்கு எத்தனை படப்பிடிப்பாளர்கள்?

2025 ஜூன் 2, கேள்வி

என் தங்கையின் திருமணம் வரும் ஆவணியில் திருகோணமலை நகரில் ஒரு மண்டபத்தில் நடக்கவிருக்கிறது. ஏறத்தாழ 450 பேரை அழைக்கிறோம். 450 பேர் வரும் கலியாணத்துக்கு நான்கு பேர் படம் எடுக்க வேண்டும், வீடியோவுக்கு இரண்டு பேர் வேறு வேண்டும் என்று ஸ்டூடியோக்காரர் சொல்கிறார். அப்பாவோ ஒருவரே போதும் என்கிறார். தன்னுடைய கலியாணத்துக்குக் கமராவுடன் ஒருவரும் வரவில்லை, அதனால் கலியாணம் நின்றுவிடவில்லை என்பது அவருடைய வாதம். இரண்டு பக்கமும் பேசிக் களைத்துவிட்டேன். அனுபவம் உள்ளவர்கள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள்.

2025 ஜூன் 2, இரவு

இரண்டு பேர். மூன்றாமவர் வேண்டாம்.

2025 ஜூன் 3

நேற்று எண்ணை மட்டும் எழுதிவிட்டு உறங்கப் போய்விட்டேன்; காரணத்தை இப்போது எழுதுகிறேன். நான் கணக்கு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் அதற்கு முன், 1981 முதல் மூன்று ஆண்டுகள், நகரில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாக நின்று கலியாண வீடுகளில் பிளாஷ் பிடித்திருக்கிறேன். பின்னர் இரண்டு மகள்மாருக்குக் கலியாணம் செய்து வைத்தேன். முதல் தடவை ஆள் குறைந்து அவதிப்பட்டேன், இரண்டாம் தடவை ஆள் கூடி அவதிப்பட்டேன்.

விருந்தினர் தொகையை வைத்து ஆள் எண்ணுவது சமையற்காரருக்குப் பொருந்தும் கணக்கு. 450 பேருக்கு எத்தனை கிலோ அரிசி என்று கேட்பதில் பொருள் இருக்கிறது. 150 பேர் வந்தாலும் 600 பேர் வந்தாலும் மணவறை ஒன்றுதான், தாலி ஒரு தடவைதான் கட்டப்படுகிறது. நீங்கள் எண்ண வேண்டியது, ஒரே நேரத்தில் எத்தனை இடங்களில் ஏதாவது நடக்கிறது என்பதைத்தான்.

எங்கள் சடங்கிலே அப்படி இரண்டாகப் பிரியும் நேரம் ஒன்று உண்டு. கன்னிகாதானம் முடிந்து, கூறை கொடுத்து, மணமகள் உடுத்தி வர எழுந்து போன பிறகு, மாப்பிள்ளை மணவறையில் தனியே இருப்பார். ஐயர் அடுத்ததற்கு ஆயத்தம் செய்வார், சபையில் பேச்சு எழும்பும், சிறுவர்கள் ஓடத் தொடங்குவார்கள். பெரும்பாலான படப்பிடிப்பாளர்கள் அதை இடைவேளை என்று நினைத்துக் குளிர்பானம் தேடிப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில்தான் தாலித் தட்டு சபையைச் சுற்றி வருகிறது. வெற்றிலை போட்டுச் சிவந்த விரல்கள், வளையல் இறுகிய கைகள், நடுங்கும் கைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றன. அதே நேரத்தில் உள்ளறையில் மூன்று பெண்கள் சேர்ந்து கூறைச் சேலையின் கொய்யகத்துடன் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். தட்டின் பின்னால் ஒருவர் போனால், கூறையுடன் மணமகள் வாசலில் தோன்றும் கணத்துக்கு மற்றவர் ஆயத்தமாக நிற்கலாம். இரண்டு என்று நான் சொன்னது இதற்காகவே.

உங்கள் தந்தையாரின் வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. 1988-இல் நடந்த எங்கள் கலியாணத்துக்கு ஒருவரே வந்தார். இரட்டை வில்லைக் கமரா, இரண்டு பிலிம் றோல், றோலுக்கு 12 படம். ஆக மொத்தம் 24. தாலி கட்டியதும் முதல் றோல் முடிந்துவிட்டது. அவர் குனிந்து அடுத்த றோலை மாட்டி முடிப்பதற்குள் மாலை மாற்றல் நடந்துவிட்டது. ஐயரிடம் சொல்லி இன்னொரு தடவை மாலை மாற்ற வைத்துப் படம் எடுத்தோம். படத்தில் இருவரும் சிரிக்கிறோம். பார்ப்பவர்கள் அதை வெட்கம் என்று நினைக்கிறார்கள்.

2025 ஜூன் 4

என் மூத்த மகளின் கலியாணத்தைச் சொல்லாமல் விட்டது பிழை, ஏனென்றால் ஒருவரை மட்டும் அமர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சான்று. 2012-இல் நடந்தது. மாப்பிள்ளை வீடு மூதூர்ப் பக்கம். ஒரு காலத்தில் மூதூருக்குப் போவதென்றால் லோஞ்சுக்கோ பாதைப் படகுக்கோ காத்திருக்க வேண்டும். 2009-இல் கிண்ணியாப் பாலமும், பின்னர் அந்த வழியில் மற்றப் பாலங்களும் திறக்கப்பட்ட பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆகவே ஒரே ஆள் விடியற்காலையில் மாப்பிள்ளைக்குப் பாலறுகு வைப்பதை (பாலும் அறுகும் தலையில் வைக்கும் சடங்கை) எடுத்துவிட்டு, வாகனத்தில் வந்து மணமகளை எடுத்து, முகூர்த்தத்துக்கு மண்டபத்தில் நிற்கலாம் என்று தாளில் நேரம் போட்டுத் திட்டமிட்டேன். கணக்காளன் அல்லவா? வழியை அளந்தேனே தவிர, பாலறுகு வைக்கும் மாமிமாரின் எண்ணிக்கையை அளக்கவில்லை. அங்கே ஒவ்வொருவராக வைத்து முடியவே நேரம் ஓடிவிட்டது. படப்பிடிப்பாளர் பாதியில் புறப்பட்டு வந்தார். மாப்பிள்ளையின் தாய் பாலறுகு வைக்கும் படம் இல்லை, என் மகள் அலங்காரம் செய்யும் படமும் இல்லை. சம்பந்தி அம்மா அதைப் பற்றி இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை, ஆனால் அல்பத்தின் முதல் நான்கு பக்கங்களை எப்போதும் வேகமாகப் புரட்டுவார்.

கன்னிகாதானத்தில் நான் தாரை வார்த்த படமும் சரியாக விழவில்லை. வீடியோக்காரர் குறுக்கே நின்றதால், அல்பத்தில் அவருடைய முதுகும் என் வலது முழங்கையும் இருக்கின்றன. அது என் முழங்கைதான் என்பதைக் கைக்கடிகாரத்தை வைத்து உறுதி செய்தோம்.

2025 ஜூன் 6

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு சிறு குறிப்பு. அப்பாவின் கலியாணத்துக்கு ஒருவரும் வரவில்லை என்றால், அவரும் அம்மாவும் சில நாள் கழித்துக் கலியாண உடுப்புடன் ஸ்டூடியோவுக்குப் போய், வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்திருப்பார்கள். சுவரில் பாருங்கள், இருக்கும். ஆகவே அவருடைய கணக்கும் பூச்சியம் அல்ல, ஒன்று.

2025 ஜூன் 9

நான்கு பேரை அமர்த்தினால் என்ன குறை, செலவுதானே என்று உப்புவெளியில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இளைய மகளின் கலியாணத்தில், 2018-இல், நான்கு பேரை அமர்த்தியவன் நான். மூத்தவளின் கலியாணத்தில் பட்ட சூடு ஆறாமல் இருந்ததால், ஸ்டூடியோவில் சொன்ன எண்ணுக்கெல்லாம் தலையாட்டினேன்.

வீடியோ இருவர், விளக்குப் பிடிக்க இருவர், நீண்ட கம்பத்தில் கமராவை ஏற்றி ஆட்டுபவர் ஒருவர்; படம் எடுக்கும் நால்வரையும் சேர்த்தால் மணவறையைச் சுற்றி ஒன்பது பேர். கெட்டிமேளம் முழங்கியபோது எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் பாய்ந்தார்கள். முன்வரிசையில் இருந்த என் அக்கா, வயது எழுபதுக்கு மேல், அறுகரிசியைக் கையில் பொத்திக்கொண்டு எழுந்து பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, யாருடைய முதுகு என்று பாராமல் வீசிவிட்டு இருந்துகொண்டார். படப்பிடிப்பாளர் ஒருவருடைய கொலரில் இருந்து அன்று மாலை வரை அரிசி விழுந்துகொண்டிருந்தது.

கலியாணம் முடிந்த பிறகு வந்த தொல்லை இதைவிடப் பெரிது. மொத்தம் 7,000-க்கு மேற்பட்ட படங்களைத் தந்தார்கள். அல்பத்துக்கு 120 படங்களைத் தெரிவு செய்து தரச் சொன்னார்கள். மகளும் மருமகனும் இரவில் இருந்து பார்த்தார்கள், ஒரே தாலிகட்டு நான்கு கோணத்தில், ஒவ்வொரு கோணத்திலும் முப்பது தடவை. அதற்கு மேல், நால்வரில் ஒருவருடைய கமராவில் முற்பகலுக்குப் பிற்பகல் என்று நேரம் வைக்கப்பட்டிருந்தது. நேர வரிசைப்படி அடுக்கியபோது, விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகு, இரவு 9 மணிக்கு, மாப்பிள்ளை மறுபடி வந்து இறங்கித் தோழனிடம் கால் கழுவினார். நாங்கள் சிரித்தோம், பின்னர் அவற்றைப் பிரித்து அடுக்க ஒரு கிழமை சென்றது. அல்பம் கைக்கு வந்தது 14 மாதம் கழித்து. அதற்குள் பேரனின் 31-ஆம் நாள் படங்கள் சுவருக்கு வந்துவிட்டன.

2025 ஜூன் 10

தொழில் செய்யும் ஒருவர் நேற்றைய குறிப்புக்குச் சினந்து எழுதியிருக்கிறார். நான்கு பேர் வந்தது குற்றம் அல்ல, நால்வருக்கும் ஒரு தலைவர் இல்லாததுதான் குற்றம் என்கிறார். யார் எங்கே நிற்பது, தாலிகட்டும் நேரத்தில் யார் அசையக் கூடாது, எல்லாக் கமராக்களின் நேரத்தையும் காலையிலேயே ஒத்து வைப்பது ஆகியவற்றை ஒருவர் பொறுப்பெடுத்தால் நால்வரும் இடைஞ்சல் இல்லாமல் வேலை செய்யலாம் என்கிறார். பாதியை ஒப்புக்கொள்கிறேன். நேரத்தை ஒத்து வைப்பது பற்றி அவர் சொன்னது முழுச் சரி. இருவர் வந்தாலும் அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் நால்வருக்கும் நிற்க இடம் மணவறைக்கு முன்னால் இல்லை, அது தலைவர் இருந்தாலும் விரியாது.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால், மண்டபத்தின் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. ஒருவர் நொடியில் 100-இல் ஒரு பங்கு வேகத்திலும் மற்றவர் 400-இல் ஒரு பங்கு வேகத்திலும் எடுத்தால், ஒரே கூறைச் சேலை ஒருவருடைய படத்தில் சிவப்பாகவும் மற்றவருடைய படத்தில் பட்டை பட்டையாக மங்கியும் விழுமாம். ஆள் கூடக் கூட இந்த வேற்றுமைகளும் கூடும். தன் கட்சிக்கே எதிராக நல்ல சான்று தந்துவிட்டார்.

உதவியாளரையும் எண்ணிக்கையில் சேர்ப்பதா என்றும் கேட்டிருக்கிறார். தேவையில்லை. விளக்குப் பிடிப்பவர் படம் எடுப்பதில்லை. மூன்று ஆண்டுகள் பிடித்தவன் சொல்கிறேன்.

2025 ஜூன் 15

கிண்ணியாவில் இருந்து ஒரு சகோதரி எழுதியது என் கண்ணைத் திறந்தது. நான் இரண்டு என்று சொன்னபோது, இரண்டு ஆண்கள் என்றே மனத்தில் வைத்திருந்தேன். அவர்களுடைய கலியாணங்களில் நிக்காஹ் ஆண்கள் இருக்கும் இடத்தில் நடக்கிறது, மணமகள் பெண்கள் பகுதியில் இருக்கிறார். பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளர்தான் வேண்டும், எத்தனை ஆண்கள் வந்தாலும் அந்த ஒருவருக்கு ஈடாகாது என்கிறார். இடத்தை எண்ணுங்கள் என்ற என் கணக்கு அங்கேயும் பொருந்துகிறது, ஆனால் இடத்துக்குள் யார் நுழையலாம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் எங்கள் வீடுகளிலும் கூறை உடுத்தும் அறைக்குள் ஆண் ஒருவர் கமராவுடன் நிற்பதில்லை. இருவரில் ஒருவர் பெண்ணாக இருந்தால் அந்த அரை மணி நேரம் இழக்கப்படாது. ஜூன் 2-இல் எழுதிய விடையை இவ்வாறு திருத்துகிறேன்: இருவர், ஒருவர் பெண்.

2025 ஜூன் 16

வேதக் கோயிலில் நடக்கும் கலியாணத்துக்கு ஒருவர் போதுமா என்ற கேள்விக்கு: பீடத்துக்கு முன்னால் ஒருவர், வாசலில் இருந்து மணமகள் தந்தையுடன் நடந்து வருவதற்கு ஒருவர். எங்கே நிற்கலாம் என்பதைச் சுவாமியாரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். இதைவிட எனக்கு அனுபவம் இல்லை.

2025 ஜூன் 21

வெளிப்புறப் படங்களுக்காக மூன்றாமவர் வேண்டாமா என்று மூவர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம், அதை இன்னொரு நாளுக்குத் தள்ளுங்கள். கலியாண நாளில் முகூர்த்தத்துக்கும் விருந்துக்கும் இடையில் மணமக்களைக் கடற்கரைக்கு இழுத்துச் செல்வது எனக்கு உவப்பில்லை, அதுவும் பட்டு உடுத்திய உச்சி வெயிலில்.

தென்னிலங்கைப் படங்களைப் பார்த்துவிட்டுக் கடலில் சூரியன் மறைவதுபோல் எடுத்துத் தரும்படி கேட்பவர்களும் இருக்கிறார்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடல் கிழக்குப் பார்த்தது. அங்கே சூரியன் கடலில் எழும், மறைவது நிலப்பக்கமாக. கடலோடு சூரியன் வேண்டுமானால் காலை ஆறு மணிக்கு முன்னரே மணலில் நிற்க வேண்டும். மாலை ஒளிதான் வேண்டும் என்றால் உள் துறைமுகப் பக்கம் போகலாம். ஆவணித் தொடக்கத்திலும் கச்சான் முற்றாக ஓயாது (வறுத்து விற்கும் கச்சானைச் சொல்லவில்லை, முகத்தில் அனலாக அடிக்கும் காற்றைச் சொல்கிறேன்). விளக்குக் குடையை ஒருவர் பிடிக்காவிட்டால் அது பறந்துவிடும்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களுடன் படம் எடுக்க விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இளைய மகளும் மருமகனும் அங்கே நின்றபோது, மாலைகளைக் கழற்றி மதிலில் வைத்தோம். நால்வரும் நான்கு கோணத்தில் மணமக்களை எடுத்துக்கொண்டிருக்க, மான் ஒன்று வந்து ரோசா மாலையில் பாதியைத் தின்றுவிட்டது. நால்வரில் ஒருவர்கூட அதைப் படம் எடுக்கவில்லை.

ட்ரோன் பற்றியும் கேட்கிறீர்கள். கோட்டையில் இராணுவம், துறைமுகத்தில் கடற்படை, சீனன்குடாவில் விமானப்படை இருக்கும் ஊர் இது. அனுமதி எங்கே என்று ஸ்டூடியோவில் கேளுங்கள். வாயால் சொன்னால் நம்ப வேண்டாம், தாளில் காட்டச் சொல்லுங்கள்.

2025 ஜூலை 1

கேள்வி கேட்ட தம்பி இன்றுதான் முக்கியமான செய்தியைச் சொல்கிறார்: மாப்பிள்ளை மட்டக்களப்பு, அவர்கள் முதல் நாள் வந்து நிலாவெளியில் தங்குகிறார்கள், முகூர்த்தம் காலை 9 மணிக்கு முன். இதை ஜூன் 2-இலேயே நான் கேட்டிருக்க வேண்டும். எண்ணைச் சொல்ல அவசரப்பட்டேன்.

எண் மாறவில்லை, ஆனால் வேலைப் பங்கீடு மாறுகிறது. விடியற்காலையில் ஒருவர் நிலாவெளியில் மாப்பிள்ளையுடன், மற்றவர், அந்தப் பெண், உங்கள் வீட்டில் தங்கையுடன். மாப்பிள்ளையுடன் இருப்பவர் மாப்பிள்ளையின் வாகனத்துக்கு முன்னால் ஒரு வாகனத்தில் வர வேண்டும், பின்னால் அல்ல. இல்லாவிட்டால் மாப்பிள்ளை இறங்கும்போது அவர் இன்னும் வீதியில் இருப்பார். முகூர்த்த நேரத்தில் ஒருவர் மணவறையின் முன்னால் தாலியைப் பார்க்கட்டும், மற்றவர் பக்கவாட்டில் நின்று பெற்றோரின் முகத்தைப் பார்க்கட்டும். வீடியோவுக்கு ஒருவர் போதும், அவர் கமராவை முக்காலியில் வைத்துவிட்டு ஓர் ஓரமாக நிற்க ஒப்புக்கொண்டால் மட்டும். கட்டணத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன். 2022-இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360-ஐத் தொட்ட பிறகு, என் மகள்மாரின் கலியாணத்தில் நான் கொடுத்த தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

மூன்றாமவருக்குக் கொடுக்க இருந்த பணத்தை மிச்சம் பிடித்துவிட்டு, உறவுக்காரப் பிள்ளை ஒருவரைப் படப்பிடிப்பாளருக்கு அருகில் நிறுத்துங்கள். யார் பெரியப்பா, யார் கனடாவில் இருந்து வந்த சித்தி, யாரும் யாரும் பேசுவதில்லை என்பதெல்லாம் படப்பிடிப்பாளருக்குத் தெரியாது. என் இளைய மகளின் 7,000 படங்களில் மண்டபத்து முகாமையாளர் 11 படங்களில் இருக்கிறார், என் தாய்மாமன் ஒன்றில்கூட இல்லை.

2025 ஜூலை 3

ஒருவருடைய கமரா பழுதானால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: இரண்டாமவர் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம், அதை நான் எழுதத் தவறிவிட்டேன். ஒரே நேரத்தில் இரண்டு நினைவக அட்டைகளில் பதியும் கமராதானா என்றும் கேளுங்கள். 1990-இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது மனைவி அல்பத்தை எடுத்து உடுப்புப் பைக்குள் வைத்தார். நெகட்டிவ்கள் ஸ்டூடியோவில் இருந்தன; திரும்பி வந்தபோது ஸ்டூடியோ இல்லை. மழையில் நனைந்து ஒட்டிப்போனவை போக 24-இல் 19 மிஞ்சின. அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

2025 செப்டெம்பர் 11

தம்பி எழுதியிருக்கிறார், கலியாணம் நன்றாக முடிந்தது. இருவர் வந்தார்கள், ஒருவர் பெண், வீடியோ ஒருவர். மாப்பிள்ளை இறங்கியபோது படப்பிடிப்பாளர் முன்னரே நின்றார். தாலித் தட்டு சுற்றி வந்த படங்களில் அவருடைய அம்மம்மாவின் கை இருக்கிறதாம். விளக்குப் பிடிக்க ஒரு பையன் கூட வந்ததாகவும், அவனுக்குச் சாப்பாடு சொல்ல மறந்துவிட்டதாகவும் வருந்துகிறார். அப்பா இன்னமும் ஒருவரே போதும் என்கிறாராம்.

2025 செப்டெம்பர் 14

ஒரு திருத்தம். இந்தக் குறிப்புகளை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். 19 அல்ல, 20 என்றார். தையல் மெசின் லாச்சியில், நூற்கட்டைகளுக்கு அடியில், ஒரு படத்தை வைத்திருந்திருக்கிறார். மாலை மாற்றுவதற்கு முந்திய படம், தலை குனிந்திருப்பதால் தனக்குப் பிடிக்காது என்று அல்பத்தில் ஒட்டவில்லையாம். அதன் இடது ஓரத்தில், அரைவாசி வெட்டுப்பட்டு, ஒரு பையன் நிற்கிறான். பதினைந்து வயது இருக்கும். வலது கையில் பிளாஷை உயர்த்திப் பிடித்திருக்கிறான், இடது கையில் வடை.

1988-இல் எங்கள் கலியாணத்துக்கு ஒருவரே வந்தார் என்று ஜூன் 3-இல் எழுதியதை இருவர் என்று மாற்றி வாசிக்கவும்.